பேக்கரியில் ஒரு பயிற்சி

"நவீனா வேலையை விட்டுப் போயிட்டாளுங்க மேடம்," என்றார் நாச்சிமுத்து.

கோயம்புத்தூரில் பம்பு வடிவமைக்கும் கம்பெனி அவருடையது. எதிரே இருந்தவர் திலகவதி. கம்பெனி கம்பெனியாகப் போய் இன்ஜினியர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர். வயதில் நாச்சிமுத்துவைவிடச் சின்னவர்.

"அவளை மாதிரி டிசைன் போட ஆளே இல்லீங்க. அவ நாற்காலில இன்னும் ஒருத்தரையும் உட்கார விடலை."

மகளைக் கட்டிக்கொடுத்தவர்கூட இவ்வளவு ஏங்கமாட்டார்.

"மத்தவங்க?"

"இருக்காங்க, வாயில்லாப் பூச்சிங்க. நான் காய்ச்சல்ல கிடந்தப்ப கஸ்டமர் வந்து நாலு கேள்வி கேட்டிருக்கார். ஒருத்தரும் வாயைத் திறக்கலை. பெரிய ஆர்டர் கைவிட்டுப் போச்சு. இன்னொண்ணு போனா கம்பெனியை மூட வேண்டியதுதான். இவங்களுக்கு என்ன பயிற்சிங்க கொடுக்கிறது?"

"வாங்க, டீ குடிக்கலாம்."

பேக்கரியில் டீ மாஸ்டர் நாச்சிமுத்துவைப் பார்த்துக் கேட்டார்.

"அண்ணா, டீ எப்படி?"

"அவருக்குச் சர்க்கரை இல்லாம," என்றார் திலகவதி.

நாச்சிமுத்துவுக்குச் சர்க்கரை தூக்கலாக இருக்க வேண்டும். மரியாதைக்குக் குடித்து வைத்தார்.

தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏனுங்க நாச்சிமுத்து, கம்பெனி எப்படிப் போகுது?"

"நல்லாப் போகுதுங்க." இதுவும் திலகவதிதான்.

"நம்ம கிணத்துல தண்ணி கீழ போயிருச்சு. மேல இருக்கிற பம்பு இழுக்க மாட்டேங்குது. என்ன பண்றது?"

நாச்சிமுத்துவின் முகம் மலர்ந்தது. பம்பைப் பற்றிப் பேசுவதென்றால் அவருக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. வாயைத் திறந்தார்.

"தண்ணிக்குள்ளயே இறக்குற பம்பு போட்டுருங்க," என்றார் திலகவதி.

பதிலில் தப்பில்லை. அதுதான் நாச்சிமுத்துவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"எந்த சைஸுங்க?"

"கிணத்து ஆழம்..." என்று திலகவதி தொடங்கினார்.

"அட, என்னையும் கொஞ்சம் பேச விடுங்க மேடம்!"

பேக்கரியே திரும்பிப் பார்த்தது. கேள்வி கேட்டவர் மெல்ல நழுவிவிட்டார்.

திலகவதி தன் டீயைக் குடித்தார்.

நாச்சிமுத்து காலி டம்ளரைக் கீழே வைத்தார். கண் கலங்கியிருந்தது.

"ஒருநாள் நவீனா கஸ்டமர் முன்னாடி பேச எந்திரிச்சு நின்னாளுங்க. அவ டிசைன் பண்ணின பம்புதான்."

"என்ன சொன்னாங்க?"

"தெரியாதுங்க. 'உட்காரு கண்ணு, நான் சொல்றேன்'னுட்டேன்."