ரோசாமணியின் கடைசி அதிகாரம்

விக்டோரியா மகாராணி சீமையில் ஆண்டுகொண்டிருந்த காலம். திருநெல்வேலியில், செம்மணல் மேடுகளான தேரிக்காட்டு ஓரத்தில் நேசபுரம் என்றொரு மிஷன் ஊர். அங்கே நவோமி அம்மாள் பெண்களுக்காக ஒரு மாதப் பத்திரிகை நடத்திவந்தாள். பெயர் 'இல்லக் குயில்'. பெண்கள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இரண்டு அறைகள். ஒன்றில் அச்சு இயந்திரம், மற்றதில் நவோமி.

அவளுக்கு ஒரு சிஷ்யை இருந்தாள். பெயர் பரிபூரணம். ஊருக்கு வேதம் போதித்த, காலஞ்சென்ற உபதேசியாரின் மனைவி. குருவைவிட மிகவும் மூத்தவள். சிஷ்யை குருவை 'அம்மா' என்பாள். குரு சிஷ்யையை 'அக்கா' என்பாள். இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் ஊரில் இல்லை. பரிபூரணம் அதைச் சட்டை செய்ததும் இல்லை.

அவள் சிஷ்யை ஆனது இப்படித்தான். மிஷன் பங்களாவின் வெள்ளைக்காரத் துரைசானி சீமைக்குத் திரும்பும்போது ஒரு கட்டு ஆங்கிலப் பத்திரிகைகளை நவோமியிடம் விட்டுப்போனாள். எல்லாம் சீமைப் பெண்கள் எழுதிய கதைகள். சாயங்காலங்களில் நவோமி அவற்றைத் தமிழில் சொல்வாள். ஏறக்குறைய எல்லாக் கதையிலும் வெளியே பனி கொட்டும். உள்ளே ஜன்னலோரம் ஒரு நல்ல பெண் படுத்திருப்பாள். கெடுதல் செய்த அத்தனை பேரையும் மன்னித்துவிட்டு, புன்னகையோடு கண்ணை மூடுவாள். பரிபூரணம் முந்தானை நனைய அழுவாள்.

ஒருநாள் மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள்.

"அம்மா, எனக்கும் இப்படி ஒண்ணு எழுதணும்."

"எழுதுங்களேன் அக்கா."

"எப்படி எழுதுறது?"

"உங்கள் வீட்டில் ஜன்னல் இருக்கிறதா?"

"ஓலை வீட்டுக்கு எங்கேம்மா ஜன்னல்?"

"அப்படியானால் ஜன்னல் இல்லாத வீட்டிலிருந்து தொடங்குங்கள்."

பரிபூரணம் அன்றே உட்கார்ந்தாள். ரோசாமணி பிறந்தாள்.

ரோசாமணி ஏழைப் பெண். கட்டியவன் பிழைப்புக்காக இலங்கையின் கண்டிச் சீமைக்குக் கப்பலேறிப் போகிறான். போன இடத்தில் வேறொருத்தியோடு குடித்தனம் வைத்துவிடுகிறான். மாமியார் ரோசாமணியைக் கரித்துக்கொட்டுகிறாள். ரோசாமணி வாய் திறப்பதில்லை. அவன் திரும்புவான் என்று ஒவ்வொரு மாலையும் பாதையைப் பார்த்து நிற்கிறாள்.

மாதம் ஓர் அதிகாரமாக 'இல்லக் குயி'லில் கதை வந்தது. ஊருக்குப் பைத்தியம் பிடித்தது.

பத்திரிகை வரும் நாளில் நேசபுரத்தில் எந்த வீட்டிலும் குழம்பு ஒழுங்காகக் கொதிக்கவில்லை. கிணற்றடியில் குடம் நிறைந்து வழிந்துகொண்டே இருந்தது. வாசிக்கத் தெரிந்த ஒருத்தியைச் சுற்றித் தெரியாதவர்கள் உட்கார்ந்தார்கள். ரோசாமணி மாமியாரிடம் அடிவாங்கிய மாதத்தில், நிஜமான மாமியார்கள் சிலர் மருமகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துச் சோறு போட்டார்கள். கோயிலுக்குப் போகும் வழியில் பெண்கள் பரிபூரணத்தைக் கையைப் பிடித்து நிறுத்தினார்கள்.

"ரோசாமணிக்கு இருமலுன்னு எழுதியிருக்கீகளே! பெரிய வியாதியா?"

"பொறுங்க, பொறுங்க" என்பாள் பரிபூரணம். நடை தரையில் பாவாது. உபதேசியார் வீட்டம்மா என்று மட்டுமே அறியப்பட்ட தன்னை ஊரே வழிமறிக்கிறதே! சந்தோஷத்தில் அவளுக்குத் தூக்கம் போயிற்று.

கடைசி அதிகாரம் வந்தது. ரோசாமணி செத்துப்போனாள்.

பனிக்குப் பதிலாகப் பரிபூரணம் தேரிக்காற்றை வீசவைத்தாள். செம்மண் புழுதி பறந்தது. ரோசாமணி மாமியாரை மன்னித்தாள், புருஷனை மன்னித்தாள், அந்த இன்னொருத்தியையும் மன்னித்தாள், கண்ணை மூடினாள். மறுவாரமே புருஷன் ஓடிவந்து கல்லறைமேல் விழுந்து கதறினான். எழுதும்போது பரிபூரணத்தின் கண்ணீரில் மை கரைந்தது.

நவோமி வாசித்தாள். இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்தினாள். அச்சுக்காரர் மாசிலாமணியிடம் கொடுத்தாள். அவர் ஈய எழுத்துகளைக் கோத்து, ஒரு தாள் மட்டும் அடித்துக்கொண்டு வந்தார். மை உலரவில்லை.

பரிபூரணத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"முடிவு நல்லா இருக்காம்மா?"

"நான் கதை கதையாகப் பிணம் பார்த்தவள் அக்கா. என்னைக் கேட்காதீர்கள்."

"பின்னே யாரைக் கேக்கிறது?"

"இதை எடுத்துக்கொண்டு போய் ஒரே ஒருத்திக்கு வாசித்துக் காட்டுங்கள்."

"யாருக்கு? ஊரே காத்துக் கெடக்கே."

"யார் வீட்டு வாசலை மிதிக்க உங்களுக்குக் கூச்சமாக இருக்கிறதோ, அவளுக்கு."

பரிபூரணத்தின் முகம் கறுத்தது. அவளுக்கு யார் வீடு என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

தெற்குத் தெருக் கடைசியில் வேதக்கண் இருந்தாள். வயது முப்பதுக்குள். புருஷன் கண்டிச் சீமைக்குப் போனவன். அங்கே ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டவன். பரிபூரணம் பெயரை மட்டும்தான் மாற்றியிருந்தாள். கதை வரத் தொடங்கியதிலிருந்து அந்தத் தெருப்பக்கம் அவள் போகவே இல்லை.

இன்று போனாள். ஈரத் தாளை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போனாள்.

வேதக்கண் கொல்லையில் கருப்பட்டிக்குப் பதனீர் காய்ச்சிக்கொண்டிருந்தாள். பரிபூரணத்தைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"வாங்க சித்தி! கடைசிப் பாகமா? அச்சு வாடை அடிக்கே!"

"ஏட்டி, உனக்கு எம்மேல கோவம் இல்லியா?"

"எதுக்கு? என்னைத்தான் எழுதுதீகன்னு எனக்குத் தெரியாதாக்கும்?" வேதக்கண் துடுப்பைப் போட்டுக் கிண்டினாள். "நான் ஒருத்தி இருக்கேன்னு ஊருக்கே இப்பத்தான தெரியுது. வாசியுங்க."

பரிபூரணம் வாசித்தாள். காற்று வீசும் இடத்தில் அவள் குரல் கம்மியது. மன்னிக்கும் இடத்தில் உடைந்தது. கல்லறையில் அவளால் வாசிக்கவே முடியவில்லை. விம்மி விம்மி முடித்தாள்.

வேதக்கண் அழவில்லை. பாகு பொங்கி வந்தது. அதை அடக்கிவிட்டுக் கேட்டாள்.

"அவன் வந்துட்டாம்லா?"

"வந்துட்டான்."

"அழுதாம்லா?"

"பொரண்டு பொரண்டு அழுதான்."

"அவ செத்த பொறவு."

"ஆமா."

வேதக்கண் தலையை ஆட்டினாள். நீண்ட கணக்கு ஒன்று சரியாக வந்துவிட்டவளைப் போல இருந்தது அவள் முகம்.

"நானும் அதையேதான் நெனச்சேன் சித்தி. போன மாசம் ரோசாமணிக்கு இருமல் வந்ததுமே நெனச்சேன். எனக்கும் இருமல் இருக்குல்லா? ஆஸ்பத்திரி மருந்தை நிறுத்திட்டேன்."

பரிபூரணத்துக்கு முதலில் புரியவில்லை.

"என்ன சொல்லுத?"

"மருந்தைக் குடிச்சு நூறு வயசு இருந்தாலும் அவன் வரப்போறதில்ல. நீங்களே எழுதியிருக்கீகளே, இப்படித்தான் வருவான்னு." வேதக்கண் இருமினாள். வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "காத்து அடிக்கும்போது போனா நல்லாத்தான் இருக்கும்."

பரிபூரணம் ஓடினாள்.

அந்த வயதில் அவள் ஓடி ஊர் பார்த்ததில்லை. முந்தானை மண்ணில் புரண்டது. "ரோசாமணி செத்துட்டாளா?" என்று வாசல்களிலிருந்து பெண்கள் கூவினார்கள். அவள் நிற்கவில்லை. பள்ளிக்கூட மதிலைத் தாண்டும்போதே இயந்திரத்தின் சத்தம் காதில் விழுந்தது. பத்திரிகை நாள் நெருங்கிவிட்டதால் மாசிலாமணி அவளுக்குக் காத்திராமல் கடகடவென்று அடிக்கத் தொடங்கியிருந்தார்.

"நிறுத்துங்க! மாசிலாமணி, நிறுத்தும்!"

அவர் திகைத்துக் கையை எடுத்தார். அடித்த தாள்கள் ஒரு பக்கம் குவிந்திருந்தன. நவோமி உள்ளறையிலிருந்து வந்தாள்.

"என்ன ஆயிற்று அக்கா?"

"அவ சாகக் கூடாது."

"யார்?"

"ரெண்டு பேரும்!"

மூச்சு வாங்கிக்கொண்டே பரிபூரணம் எல்லாவற்றையும் கொட்டினாள். கேட்டு முடித்ததும் நவோமி மாசிலாமணியைத் திரும்பிப் பார்த்தாள். அவர் புரிந்துகொண்டு, எழுத்துகளைக் கோத்திருந்த சட்டத்தை இயந்திரத்திலிருந்து கழற்றினார். நவோமி அதைத் தன் கையால் மேசைமேல் வைத்து, முடுக்கியிருந்த ஆப்புகளைத் தளர்த்தினாள். கல்லறையும் காற்றும் மன்னிப்பும் ஈயத் துண்டுகளாகச் சரிந்தன.

"எழுத்துகளைப் பிரித்து, பெட்டியில் அதனதன் அறையில் போடுங்கள் அக்கா."

பரிபூரணம் ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். ககரத்தைக் ககரத்தோடும் மகரத்தை மகரத்தோடும் போட்டாள். பாதியில் கை நின்றது.

"அம்மா, அவ பொழைச்சா அப்புறம் என்ன செய்வா?"

"நீங்கள்தான் சொல்ல வேண்டும்."

"எனக்குத் தெரியலியே. தெரியாமத்தான் அவளைச் சாகவச்சேன்."

நவோமி மசிபடிந்த ஒரு துணியை எடுத்து நீட்டினாள்.

"கையைத் துடைத்துக்கொண்டு போங்கள். தெரிந்தவளிடம் கேட்டு வாருங்கள்."

மறுநாள் காலையில் பரிபூரணம் மருந்துப் புட்டியோடு போய் வேதக்கண் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"முதல்ல இதைக் குடி."

"எதுக்கு?"

"ரோசாமணி பொழைச்சுக்கிட்டா. ஆனா அடுத்து என்ன செய்யணும்னு அவளுக்கு வெளங்கல. நீ சொல்லு, நான் எழுதிக்கிடுதேன்."

வேதக்கண் வாயைப் பிளந்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கியதும் மருந்தை மடமடவென்று விழுங்கினாள்.

"நாஞ் சொன்னா எழுதுவீகளா?"

"எழுதுவேன்."

"அப்போ முதல்ல அடுப்பைப் பிரிக்கச் சொல்லுங்க. மாமியாக்காரிக்குத் தனி அடுப்பு, இவளுக்குத் தனி அடுப்பு."

"சரி."

"பாதையில போய் நிக்கதை நிறுத்தச் சொல்லுங்க. அந்த நேரத்துக்கு நாலு ஓலைப்பெட்டி முடையலாம்."

"சரி. அப்புறம்?"

"கருப்பட்டியை மாமியா பேருல விக்காம அவளே சந்தைக்குக் கொண்டு போகட்டும்." வேதக்கண் முழங்காலில் எழுந்துவிட்டாள். கண் பளபளத்தது. "ஒரு பாட்டம் எல்லாரும் ஏசுவாக. ஏசட்டும்!"

"அவன் வந்தா?"

வேதக்கண் மருந்துப் புட்டியை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"வந்தா வாசல்ல உக்காரச் சொல்லி ஒரு செம்பு தண்ணி குடுப்பா" என்றாள் வேதக்கண். "உள்ள விடுவாளான்னு கேக்காதீக. அது அன்னைக்கு அவ மனசைப் பொறுத்தது."

அதை அப்படியே வைத்துப் பரிபூரணம் அதிகாரத்தை முடித்தாள். ரோசாமணி செம்பை நீட்டுகிறாள். அவன் குடிக்கிறான். அவள் கதவில் கை வைத்து நிற்கிறாள். அவ்வளவுதான்.

'இல்லக் குயில்' வெளிவந்தது. வந்த அன்றே மத்தியானம் நேசபுரத்துப் பெண்கள் அச்சுக்கூட வாசலில் கூடிவிட்டார்கள். கோயில் பாதிரியான ஐயர் வீட்டம்மாள் முன்னால் நின்றாள். சாமக்காலம் வரை அழலாம் என்று வேலையெல்லாம் முடித்துவிட்டு உட்கார்ந்தோமே, ஒரு சொட்டு வரவில்லையே என்றாள் ஒருத்தி. புருஷனை வாசலில் உட்காரவைக்கிறவள் ஒரு பெண்ணா என்றாள் இன்னொருத்தி.

"ஏன், உக்காந்தா என்ன? தேய்ஞ்சா போவான்?" என்று கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு குரல் எகிறியது. வேதக்கண்ணின் குரல்.

"உள்ள விட்டுருப்பா. பாவம்லா!"

"விடவே மாட்டா!"

"அந்த இன்னொருத்தி என்ன ஆனா? அவளுக்குப் பிள்ளை குட்டி உண்டா?"

"மாமியா சும்மாவா இருப்பா?"

பரிபூரணம் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு உள்ளே ஓடிவந்தாள். முகமெல்லாம் வேர்வை. நவோமி அடுத்த மாதத்துக்கான தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஒருத்திகூட அழல! எல்லாரும் சண்டைக்கு நிக்காக. கதவைத் தொறந்தாளா, மூடினாளா, நாளைக்கு என்ன செய்வா, அடுத்த வருசம் என்ன செய்வான்னு கொடையிதாக. கதையைக் கெடுத்துட்டேனோ? நான் அவுகளுக்கு என்ன பதில் சொல்ல?"

வெளியே சத்தம் கூடிக்கொண்டே போனது. நவோமி தாள்களைத் தட்டி ஒழுங்காக்கினாள்.

"செத்திருந்தால் கேட்டிருப்பார்களா, அக்கா?"