கோரையின் வாய்

“அம்மா, இந்த வயலை வேறு யாரிடமாவது ஒப்படைத்துவிடுங்கள். நான் ஊருக்குப் போகிறேன்.”

சிவக்கொழுந்து தம் அரிவாளை ஆசிரியையின் முன் வைத்தார்.

மடத்தின் தலைவி வேதவல்லி, தம் சீடரைவிட வயதில் மிக இளையவர். அரிவாளைப் பார்த்தார், எடுக்கவில்லை.

“என்ன ஆயிற்று, ஐயா?”

“கோரை.”

மடியிலிருந்து ஒரு தண்ணீர்விட்டான் கிழங்கை எடுத்து நீட்டினார். கோரையின் முளை அதை ஊசிபோலத் துளைத்து மறுபுறம் வந்திருந்தது.

பால் சுரக்காத தாய்மாருக்கு மடம் தரும் லேகியத்துக்கு அந்த ஒரு வயல்தான். மூன்றாண்டுப் பயிர்.

“களைக்கொல்லி அடிக்கவில்லையா?”

“அடிக்காமலா? கோரையைத் தரையோடு அறுத்துச் சுத்தம் செய்துவிட்டு, பயிர்மேல் ஒரு துளி படாமல்தான் அடிக்கிறேன். அடுத்த வாரமே பழையபடி நிற்கிறது.”

சமையற்கட்டிலிருந்து மாசிலாமணி எட்டிப் பார்த்தார். “கோரைக்கிழங்கும் மருந்துதானே ஐயா? அதையே பயிரென்று சொல்லிவிடுங்கள். அமோக விளைச்சல்!”

“நீங்கள் குழம்பைப் பாருங்கள்,” என்றார் ஆசிரியை.

சிவக்கொழுந்தோடு வயலுக்கு நடந்தார். பனிக்காலம். தண்ணீர்விட்டான் கொடிகள் பழுத்து உதிரத் தொடங்கியிருந்தன.

“கொடிகள் முழுதும் காய்ந்ததும் அடியோடு அறுத்துவிடுங்கள். வெட்டுவாயை மண்ணால் மூடுங்கள்.”

“பயிரையா?”

“பயிரைத்தான்.”

“கோரையை?”

“தொடாதீர்கள். நன்றாக வளரட்டும்.”

சிவக்கொழுந்து அவர் முகத்தைப் பார்த்தார். அதில் கேலி இல்லை.

“வளரவிட்டு?”

“அரிவாள் நீங்கள் வைத்த இடத்திலேயே கிடக்கிறது. எடுத்துக்கொள்ளுங்கள்.”

சிவக்கொழுந்து பையைக் கட்டினார், அவிழ்த்தார், மறுபடி கட்டினார்.

பிறகு வயலுக்குப் போய், கொடிகள் காயும்வரை காத்திருந்து அறுத்தார்.

பயிர் இருந்த சுவடே இல்லை. கோரை மட்டும் பச்சைப்பசேலென்று நின்றது.

வழியே போன ஒருவர் வரப்பில் நின்றார். “என்ன சாமி, மடத்தில் இந்த வருஷம் கோரை போட்டிருக்கிறீர்களா?”



கோரை பூக்கும் முன், ஆசிரியை களைக்கொல்லித் தெளிப்பானோடு வந்தார்.

“இப்போது அடியுங்கள்.”

அதை முதுகில் மாட்டிக்கொண்ட சிவக்கொழுந்து அசையாமல் நின்றார். “பயிர் செத்துவிட்டால், அம்மா?”

“பயிர் எங்கே இருக்கிறது?”

“மண்ணுக்குள். உறங்குகிறது.”

“அதற்கு இப்போது வாய் இருக்கிறதா?”

சிவக்கொழுந்து தரையைப் பார்த்தார். மூடிய மண்.

“கோரைக்கு?”

குனிந்து ஓர் இலையைத் தொட்டார். விரல் அதன் வழியே கீழே போயிற்று. தாளுக்கு, தாளிலிருந்து மண்ணுக்கு, அரிவாள் ஒருநாளும் எட்டாத அந்தக் கிழங்குக்கு.

மெல்ல நிமிர்ந்தார்.

“அப்படியானால், அம்மா, ஒவ்வொரு முறையும் நான் முதலில் அறுத்தது…”

ஆசிரியை தெளிப்பானின் கைப்பிடியை அவர் கையில் வைத்தார்.

“பேசாமல் ஊட்டுங்கள்.”