இச்சி மரம் பேச்சை உதிர்த்த கதை

மரங்களுக்கெல்லாம் வாய் இருந்த காலம் அது. மலையடிவாரத்து ஊர் ஒன்றில் பானை வனைகிற செம்பாயி இருந்தாள். பாறை இடுக்கில் சிக்கிக் கிடந்த ஆலமரத்துக்குச் சொந்தமான ஓர் இச்சி மரக் கன்றை எடுத்துவந்து, தான் வனைந்த அகலச் சட்டியில் நட்டு வாசலில் வைத்தாள். பன்னிரண்டு வருஷத்தில் அது முழங்கால் உயரம்தான் வளர்ந்தது. ஆனாலும் பெரிய மரத்துக்குரிய விழுதும் முண்டும் முறுக்கும் அதற்கு இருந்தன.

"மூன்று நாளில் மழை, செம்பாயி" என்று அது சொல்லும். அதைக் கேட்ட பிறகே ஊர் தினை விதைக்கும். ஒருமுறைகூடத் தப்பியதில்லை.

"உனக்கு எப்படித் தெரிகிறது?" என்று அவள் ஓயாமல் கேட்பாள்.

"எனக்கே தெரியவில்லை. சொல்லத் தோன்றும், சொல்லிவிடுவேன்."

ஓர் ஐப்பசியில் சூறைக்காற்று சட்டியை உருட்டிவிட்டது. கிளை ஒன்று முறிந்தது.

"என்னை உள்ளே தூக்கிக்கொண்டு போ, தாயி. இன்னொரு அடி தாங்கமாட்டேன்" என்று மரம் அழுதது.

"மரத்தைப் போய் யாராவது கூரைக்குள் வைப்பார்களா?" என்றான் அவள் புருஷன் சடையன்.

"உங்களுக்கு அடிபட்டால் வாசலிலேயா படுப்பீர்கள்?" என்று கேட்டுவிட்டு, அவள் அதை அடுப்படிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

மரத்துக்கு ஒரே சுகம். பனி வந்தது, போனது. வெயில் ஏறியது. எதுவும் அதைத் தொடவில்லை. இலைகள் மட்டும் வெளிறி, அகன்று தொங்கின.

சித்திரை பிறந்ததும் ஊரார் விதைக் கூடைகளோடு வந்து நின்றார்கள். "கோடை மழை எப்போது?" என்று செம்பாயி கேட்டாள்.

"மழையா?" என்றது மரம். "இங்கே நேற்றும் இன்றும் ஒன்றாகவே இருக்கிறதே. மார்கழி வந்துவிட்டதா?"

வெயிலும் காற்றும் படாததால்தான் இந்த மறதி என்று செம்பாயிக்குப் பட்டது. சட்டியை வாரியெடுத்துக்கொண்டு உச்சி வெயிலுக்கு ஓடினாள்.

"மெதுவாக, செம்பாயி! எரிகிறது!"

அவள் காதில் விழவில்லை. வெட்டவெளியில் வைத்த பிறகுதான் நின்றாள்.

மறுநாள் இலைகள் பழுத்து உதிரத் தொடங்கின. ஒவ்வோர் இலை விழும்போதும் மரம் ஒரு சொல்லை மறந்தது. முதலில் மாதங்களின் பெயர்கள் போயின. பிறகு காற்றின் பெயர்கள். நான்காம் நாள், "செம்..." என்றது. கடைசி இலையும் விழுந்தது.

ஊர் குத்துமதிப்பாக விதைத்தது. அடுத்த நாளே கொட்டிய மழையில் பாதி விதை அடித்துக்கொண்டு போயிற்று. யாரும் அவளை ஏசவில்லை. அதுதான் அவளை அதிகமாக வாட்டியது.

மழை விட்டதும் மொட்டைக் கிளையில் துளிர் கண்டது. புது இலைகள் சிறியவை, தடித்தவை, பளபளத்தன. காதை வைத்துக் கேட்டாள். பேச்சில்லை.

மனசு கேட்கவில்லை. ஒருநாள் சட்டியை உள்ளே வைத்துப் பார்த்தாள். இரண்டு இலை உதிர்ந்தது. வாசலில் வைத்தாள், உதிர்வது நின்றது. எதிர்ப்பக்கம் நகர்த்தினாள், இன்னொன்று உதிர்ந்தது.

"ஓகோ! இனி இப்படித்தான் சொல்வாயோ?" என்று கேட்டாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

அதற்குப் பிறகு பெருங்காற்று நாட்களில் மட்டுமே உள்ளே எடுத்தாள்; மற்ற நாளெல்லாம் வாசலில்தான். இடம் மாற்றினாலும் நாளுக்கு ஒரு சாணாக நகர்த்தினாள்.

சட்டியில் குறுகி வளரும் இச்சி வெயிலையும் பனியையும் மழையையும் வெளியிலேயே நின்று வாங்குவது அப்போது தொடங்கியதுதான். சட்டென்று இடம் மாற்றினால் பொலபொலவென்று இலையைக் கொட்டுகிறதே, அதுவும்தான்.