அணிலும் ஆமையும் வாங்கிய காவல்

நாணல் அடர்ந்த ஓர் ஆற்றங்கரைக் காட்டில், கொறிச்சி என்ற அணிலும் பூவாயி என்ற ஆமையும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தன. இரண்டிடமும் கணினி இருந்தது.

கொறிச்சி ஒரு நாளைக்கு நூறு முறை கணினியைத் திறக்கும். பாட்டு, விளையாட்டு, பரிசுக் கடிதம், எது வந்தாலும் டக்கென்று தட்டிவிடும். பூவாயி வாரம் ஒருமுறைதான் திறக்கும். அதன் கணினி மிகப் பழையது. ஆனால் அதில் ஒரு பொக்கிஷம் இருந்தது. அந்த ஆண்டு மணலில் முட்டைகளைப் புதைத்த இடத்தின் வரைபடம்!

காட்டில் கணினித் திருட்டு அதிகமாயிற்று. பயந்துபோன இரண்டும் கீரி வேலப்பனின் கடைக்குப் போயின. அங்கேதான் பாதுகாப்பு மென்பொருள் விற்றார்கள்.

"எப்படிப்பட்டது வேணும்?" என்று கேட்டது கீரி.

"மயில் வீட்டுல இருக்கே, அதே! இருக்கறதுலயே பெரிசு அதுதானாம்!" என்றது கொறிச்சி.

"எனக்கும் அதையே கொடுங்க அண்ணே. இவ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றது பூவாயி.

கீரி தலையைச் சொறிந்தது. பிறகு கேட்டதைக் கொடுத்துவிட்டது.

அந்த மென்பொருள் எது வந்தாலும் "அனுமதிக்கலாமா?" என்று கேட்டது. மயில் நிதானமாகப் படித்துவிட்டுப் பதில் சொல்லும். கொறிச்சிக்கு ஏது அந்தப் பொறுமை? படிக்காமலே "சரி, சரி, சரி" என்று தட்டித் தள்ளியது.

பூவாயி வீட்டில் வேறு தொல்லை. பழைய கணினி அந்தப் பாரத்தைத் தாங்கவில்லை. காலையில் திறந்தால் மதியம்தான் திரையில் வெளிச்சம் வந்தது. பூவாயி அந்த மென்பொருளை எடுத்தே விட்டது. கொறிச்சியிடம் சொல்லவில்லை. ஆசையாகச் சொன்னவளாயிற்றே, மனசு நோகுமே என்று நினைத்தது.

ஒருநாள் கொறிச்சிக்குக் கடிதம் வந்தது. "ஒரு மூட்டை வேர்க்கடலை இலவசம்!" மென்பொருள் வழக்கம்போல் கேட்டது. கொறிச்சியும் வழக்கம்போல் "சரி" என்றது. வேர்க்கடலை வரவில்லை.

மறுநாள் காலை பூவாயி வேலியோரம் வந்தது.

"கொறிச்சி, நீ அனுப்பின படத்தை இப்பத்தான் திறந்தேன். ஒண்ணுமே தெரியலையேடி!"

"படமா? நான் எதுவும் அனுப்பலையே அக்கா!"

பூவாயிக்கு முகம் வெளிறியது. "உன் பேர்லதானே வந்துச்சு... ஐயோ, என் வரைபடம்! மருத மரத்தடி மணலுக்கு ஓடு கொறிச்சி, என்னால வேகமா வர முடியாதே!"

கொறிச்சி கிளை கிளையாகத் தாவிப் பறந்தது. மருத மரத்தடியில் ஓர் உடும்பு மணலைத் தோண்டிக்கொண்டிருந்தது! வேர்க்கடலைக் கடிதத்தால் கொறிச்சியின் கணினிக்குள் புகுந்து, அதன் பேரில் பூவாயிக்குப் படம் அனுப்பி, வரைபடத்தைத் திருடியதெல்லாம் அதன் வேலை. ஒரு முட்டை உடைந்து கிடந்தது.

தன்னைப்போல் பத்து மடங்கு பெரிய உடும்பின் வாலைக் கொறிச்சி நறுக்கென்று கடித்தது. "திருடன்! திருடன்!" என்று காடே அதிரக் கத்தியது. சத்தம் கேட்டு வேலப்பன் பாய்ந்து வந்தது. கீரியைக் கண்டதும் உடும்பு ஆற்றில் குதித்துத் தப்பியது.

மூச்சிரைக்க வந்த பூவாயி, உடைந்த முட்டையின் ஓட்டைத் தடவிப் பார்த்தது. மற்றவற்றை மண்ணால் மூடியது.

"என்னாலதான் அக்கா! பாக்காம தட்டிட்டேன்" என்று விம்மியது கொறிச்சி.

"நானும்தான் காவலை எடுத்துட்டு உன்கிட்ட மறைச்சேன். அழாதடி. மிச்சம் பத்தும் நீ காப்பாத்திக் கொடுத்தது" என்றது பூவாயி.

வேலப்பன் தொண்டையைச் செருமியது. "தப்பு என்மேலயும் இருக்கு. கணினியில என்னென்ன செய்வீங்கன்னு அன்னைக்கே கேட்டிருக்கணும். இப்பக் கேக்கறேன், சொல்லுங்க."

இரண்டும் வெட்கப்படாமல் உள்ளதைச் சொல்லின. கெட்ட கடிதத்தைக் கேள்வி கேட்காமல் தானே தடுத்து நிறுத்தும் மென்பொருளைக் கொறிச்சிக்குக் கொடுத்தது வேலப்பன். பழைய கணினியும் தாங்கும்படி எடை குறைந்த ஒன்றைப் பூவாயிக்குக் கொடுத்தது.

"மயில் வீட்டுல இருக்கறது?" என்று மெல்லக் கேட்டது கொறிச்சி.

"அது மயிலுக்கு நல்லது!" என்று சிரித்தது கீரி.

நம் பழக்கம் என்னவென்று தெரிந்து, அதற்கு ஏற்ற காவலைத் தேர்ந்தெடுத்தால்தான் அது நம்மைக் காக்கும்.