கறை இல்லாத எச்சம்

மலையடிவாரத்தில் ஒரு மடம். அதன் தலைவி மங்கையர்க்கரசி அம்மா. அவருடைய சீடர் தணிகாசலம், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மாவைவிட வயதில் மூத்தவர். பொறுமை மட்டும் கிடையாது.

"எனக்குப் பின்னாடி வந்தவங்க எல்லாம் காவி கட்டிட்டாங்க. எனக்கு எப்போ தீட்சை?" என்று ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டார்.

அம்மா ஒரு பழைய வெள்ளை வேட்டியை எடுத்து வந்தார். மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் கொடியில் கட்டினார். அதன் முன்னால் ஒரு பல்பைத் தொங்கவிட்டார்.

"ராத்திரி விளக்கைப் போடுங்க. விடிஞ்சதும் என்னென்ன அந்துப்பூச்சி உட்கார்ந்திருக்குன்னு பார்த்து எழுதுங்க. ஒரு வருஷம். எல்லாத்தையும் பார்த்தாச்சுன்னு தோணினா வந்து சொல்லுங்க. தீட்சை தர்றேன்."

"பூச்சி எண்ணினா ஞானம் வருமா?"

"தெரியல. எண்ணிப் பாருங்க."

மறுநாள் விடியலில் அம்மாவும் கூட வந்து நின்றார். துணியில் ஏழெட்டுப் பூச்சிகள். ஓரத்தில் ஒரு குருவி எச்சம்.

"அதைத் தட்டிட்டு ஆரம்பிங்க" என்றார் அம்மா.

தணிகாசலம் துடைப்பக்குச்சியால் சுண்டிவிட்டார். பிறகு எண்ணினார்.

எண்ணுவதில் கெட்டிக்காரர். ஓடுகிற பஸ்ஸில் தலை எண்ணியவர். பெயர் தெரியாத பூச்சிக்கெல்லாம் அவரே பெயர் வைத்தார். மீசைக்காரர். பட்டுப்புடவை. காய்ந்த இலை மாதிரி இருந்ததற்கு, சருகு மாமா.

"தள்ளி உட்காருப்பா, பின்னாடி ஆள் நிக்குது" என்று அவற்றோடு பேசவும் ஆரம்பித்தார்.

ஆடிக் காற்றில் துணி கிழிந்தது. தைத்துக் கட்டினார். ஐப்பசியில் மழை விட்ட மறுநாள் துணியே தெரியாத அளவுக்குக் கூட்டம். மார்கழியில் ஒன்றிரண்டுதான். சில நாள் எச்சம் மட்டும் இருந்தது. தட்டிவிட்டு, "யாரும் வரவில்லை" என்று எழுதினார்.

வருஷம் முடிந்தது. அம்மாவிடம் போனார்.

"பார்த்தாச்சும்மா. இனிமே புதுசா யாரும் இல்ல. போன மாசம் முழுக்க வந்தது எல்லாம் பாஸ் வெச்சிருக்கிற ஆளுங்கதான்."

அம்மா சிரித்தார். "வாங்க, காட்டுங்க."

துணி முன்னால் போனதும் தணிகாசலம் பழக்கத்தில் குச்சியை எடுத்தார்.

"எதுக்கு?"

"எச்சம்மா. நீங்கதானே தட்டச் சொன்னீங்க. சுத்தமா வந்துடும். கறைகூட ஒட்டாது."

"கறை ஒட்டாதா?"

தணிகாசலத்தின் கை அப்படியே நின்றது.

அம்மா குனிந்து மெல்ல ஊதினார். எச்சம் நகர்ந்தது. கால் தெரிந்தது. பிறகு அந்த அந்துப்பூச்சி சிறகை விரித்துக் கொட்டகைக் கூரைப் பக்கம் பறந்தது.

இரண்டு பேரும் அது போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமாம்மா?"

"இப்பத்தான் தெரியும்."

"தினமும் தட்டிவிட்டிருக்கேன்."

"தட்டச் சொன்னது நான்."

தணிகாசலம் துணிக்கு எதிரே பொத்தென்று உட்கார்ந்தார். அவருக்குக் கோபம்தான் வந்தது.

"அப்போ என் தீட்சை?"

அம்மா அவர் கையிலிருந்த குச்சியை வாங்கித் தூரப் போட்டார்.

"கொடுக்க எனக்கே இன்னும் ஒரு வருஷம் ஆகும் போலிருக்கு. கொஞ்சம் தள்ளி உட்காருங்க."