அண்டாவின் நிழல்

பனிமலைப் போரில் உச்சிவரைக்கும் முதுகில் அண்டாவைச் சுமந்து ஏறிச் சிப்பாய்களுக்குச் சோறு போட்டவர் சேவுகன். பட்டாளத்துப் பதிவிலோ, அவர் அடிவாரத்தை விட்டு நகரவே இல்லை என்று எவனோ எழுதித் தொலைத்திருந்தான். அதைத் திருத்தாமல் பதக்கம் கிடையாது. மனுப் போட்டுப் போட்டுத் தலை நரைத்ததுதான் மிச்சம். கடைசியில் பதிவு அலுவலகத்துக் கர்னல் பீமராஜின் முன்னால் நேரிலேயே போய் நின்றார்.

அன்றைக்கு உச்சியில் கொடி நாட்டியவரே இந்தக் கர்னல்தான். அந்தப் படம் அவர் நாற்காலிக்குப் பின்னால் சுவரை அடைத்துக்கொண்டு தொங்கியது.

“உச்சிக்கு வந்த அத்தனை பேரும் இதுல இருக்கானுங்க. வேற ஒரு ஈ காக்கா அங்க கிடையாது. உன் மூஞ்சி எங்கேய்யா? நீ வந்தேன்னு இதுல காட்டு, இப்பவே கையெழுத்துப் போடறேன்,” என்று கர்னல் மீசையை முறுக்கினார். குமாஸ்தாக்கள் சிரித்தார்கள்.

சேவுகன் படத்தை நிதானமாகப் பார்த்தார்.

“என் மூஞ்சி இல்லீங்க சார். ஈ காக்கா இல்லாத இடத்துல உங்களை யாருங்க படம் பிடிச்சது?”

சேவுகன் படத்தின் அடிப்பக்கம் விரலை நீட்டினார்.

“உங்க காலடிப் பனியில முதுகுல அண்டாவோட ஒரு நிழல் விழுந்திருக்கே, அது யாருதுங்க?”

வருகிறவர்களிடமெல்லாம் அதைப் பாறை நிழல் என்று சொல்லிவந்த கர்னல், கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். பாறைக்கு ஏது இரண்டு கால்? சொன்ன சொல்லுக்குக் குமாஸ்தாக்கள் சாட்சி. கையெழுத்து விழுந்தது.

பதக்கம் குத்திய அன்று கர்னலே சேவுகனின் தோளில் கைபோட்டுப் படத்துக்கு நின்றார். சேவுகன் எதிரே நின்ற கேமராக்காரரிடம் சொன்னார்:

“தம்பி, முதல்ல உன் பேரை எழுதி வைக்கச் சொல்லு. இல்லேன்னா நாளைக்கு நீ இங்க வரவே இல்லேன்னுடுவாங்க.”