கொம்பையா தக்காளி விற்ற விதம்

தலையாட்டிபுரத்துக்காரர்கள் சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால் யாரும் அவர்களிடம் எதுவும் சொல்வதில்லை.

சிங்கப்பூர் மேகலாவுக்கு மட்டும் அது தெரியாது. பாவம், சம்பளம் கிம்பளம் இல்லாமல், கிராமத்து விவசாயிகளுக்கும் கடைக்காரர்களுக்கும் வியாபாரம் பழக்கிவிடலாம் என்று கடல் தாண்டி வந்தவள். பள்ளிக்கூட வராந்தாவில் வகுப்பு நடந்தது. சனிக்கிழமை அவள் ஊர் திரும்ப வேண்டும்.

கொம்பையா முதல் வரிசையில் உட்கார்ந்தார். அவர் தோட்டத்தில் தக்காளி பழுத்துச் சிவந்து கிடந்தது. சனிக்கிழமைச் சந்தையில் விற்றால் உண்டு, இல்லாவிட்டால் மாட்டுக்குத்தான். போன வருசமும் மாடுதான் தின்றது. இந்த வருசம் மாடே முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"கடைக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பாதீங்க" என்றாள் மேகலா. மறுநாள் மளிகைக்கடை சாத்தையாவிடம் வழி கேட்க நின்ற ஆள், ஒரு கையில் விளக்குமாறும் மறு கையில் உப்புப் பொட்டலமுமாகப் போனார். காசு வாங்கவில்லையா என்றால், அதைப் பற்றி டீச்சர் எதுவும் சொல்லவில்லையே என்றார் சாத்தையா.

"யார் வந்தாலும் பல் தெரியச் சிரிங்க" என்றாள். எழவு வீட்டுக்கு ஊதுபத்தி வாங்க வந்தவர்களைப் பார்த்துச் சாத்தையா சிரித்தார். அடுத்த வகுப்புக்கு அவர் வந்தபோது, தெரிவதற்கு ஒரு பல் குறைந்திருந்தது.

வெள்ளிக்கிழமை மேகலாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. சரி, ஒரு விளையாட்டு வைப்போம் என்று நினைத்தாள்.

"கொம்பையா அண்ணே, நீங்க வாங்க வர்றவரு. சாத்தையா அண்ணே தக்காளி விவசாயி. நம்ம பால்காரி வெள்ளைச்சியக்கா டீச்சர். நான் வெள்ளைச்சி. டீச்சர் 'போதும்'னு சொல்ற வரைக்கும் யாரும் மாறக்கூடாது."

எல்லோரும் தலையாட்டினார்கள். அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொள்ள, அவரவர் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். 'போதும்' என்று யாரும் சொல்லவில்லை.

விடிந்ததும் சாத்தையா கடையைப் பூட்டிவிட்டு, கொம்பையாவின் தக்காளியைப் பறித்துச் சந்தைக்குக் கொண்டுபோனார். கொம்பையா கையில் பையோடு பின்னாலேயே போனார்.

ஓட்டல்காரர் ஒருவர் கூடைகளைப் பார்த்து மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன் என்றார். கொம்பையாவுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஆனால் என்ன செய்ய, அவர் வாங்க வந்தவர் ஆயிற்றே. வாங்க வந்தவர் சரக்கை மட்டம் தட்ட வேண்டும் என்பது பாடம்.

"பூராவும் சொத்தை" என்றார் கொம்பையா. "தோலைப் பாருங்க, செருப்பு மாதிரி இருக்கு."

ஓட்டல்காரர் விசாரித்தார். விளைவித்தவரே இவர்தான் என்று யாரோ சொன்னார்கள். அப்புறம் ஓட்டல்காரர் ஏன் நிற்கிறார்?

அந்த நேரம் மேகலா மூச்சிரைக்க ஓடி வந்தாள். காலையில் அவள் குளித்துவிட்டு வருவதற்குள் வெள்ளைச்சி அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாளாம். பாஸ்போர்ட்டும் அதற்குள்தான். விசயம் புரிந்ததும் மேகலா நடுச்சந்தையில் நின்று, "போதும், போதும், போதும்" என்றாள்.

சாத்தையாவும் கொம்பையாவும் கலந்து பேசினார்கள்.

"மூணு தரம் சொல்லுதே."

"முந்நூறு தரம் சொல்லட்டும். டீச்சர்தானே சொல்லணும்? இது வெள்ளைச்சி."

"அதுவும் சரி. ஏ வெள்ளைச்சி, எருமை கத்துது, போய்ப் பாலைக் கற."

ஆனாலும் கொம்பையாவுக்கு மனசு கேட்கவில்லை. பொழுது ஏறினால் பழம் குழைந்துவிடும். பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார். ஜன்னலோரத்தில் மேகலாவின் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெள்ளைச்சி உட்கார்ந்திருந்தாள்.

"டீச்சர், 'போதும்'னு ஒரு வார்த்தை சொல்லுங்க. என் தக்காளி வீணாப் போகுது."

வெள்ளைச்சி கண்ணாடியை மூக்குக்கு இறக்கினாள். "பாடம் புரிஞ்சுதா?"

கொம்பையா பொய் சொல்லிப் பழகாதவர். "புரியல, டீச்சர்."

"புரியாதப்ப எப்படிப் போதும்னு சொல்றது?"

பஸ் கிளம்பிவிட்டது.

மேகலா வேறு வழியில்லாமல் எருமையிடம் போனாள். அன்றைக்குப் பால் கெட்டியாக இருந்ததாக ஊரில் பேச்சு. வெள்ளைச்சிக்குத் தண்ணீர் கலக்க மறந்துவிட்டது என்று வருத்தப்பட்டார்கள்.

கொம்பையா சந்தைக்குத் திரும்பினார். வாங்க வந்தவர் வாங்காமல் போவதும் முறையில்லை. சாத்தையாவோடு மல்லுக்கட்டி, இரண்டு தரம் கோபித்துக்கொண்டு போவது போலப் போய், கடைசியில் கூடை மொத்தத்தையும் பாதி விலைக்கு முடித்து வண்டியில் ஏற்றினார்.

வீட்டில் மனைவி பேச்சி வாசலிலேயே காத்திருந்தாள்.

"நம்ம தக்காளி வித்துதா?"

"ஒரு பழம் மிச்சமில்ல."

"அப்ப வண்டியில இருக்கிறது?"

"அது நான் வாங்கினது. பாதி விலை."

பேச்சி ஒரு பழத்தை எடுத்து அமுக்கினாள். மோந்து பார்த்தாள். கடித்தும் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"என்ன இருந்தாலும் நம்ம தோட்டத்துப் பழம் மாதிரி வராதுங்க."